வெள்ளை பூசிய கட்டம்

அத்தியாயம் 11

“ஜெராக்ஸ் எனக்கு வேணாம் சார். ஒரிஜினலை எடுங்க.”

ரிகார்ட் ரூம் கண்ணையன் டீயில் நனைத்துக்கொண்டிருந்த பிஸ்கட் பாதியாக உடைந்து கிளாசுக்குள் விழுந்தது. அதை விரலால் எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு நொடி பார்த்துவிட்டு, நிமிர்ந்தார்.

“இன்னாம்மா கேட்ட?”

“பங்காரு. பள்ளிப்பட்டு. நாப்பத்தெட்டு வயசு. பித்தப்பையில கல்லு. போன கிருத்திகை அன்னைக்கு தியேட்டர் ஒண்ணுல ஆபரேஷன். அந்தம்மாவோட மயக்கச் சீட்டு. ஒரிஜினல்.”

கேட்கவே கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டாள் யோகலட்சுமி. திருப்பதி ரோட்டிலுள்ள இந்த ஆஸ்பத்திரியில் நர்சிங் முடித்து அவள் மயக்கப் பிரிவில் முதுகலைக்குச் சேர்ந்த அன்றே, அங்கே நர்சாக இருக்கும் அக்கா புருஷன் ஸ்ரீதர் ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “எது வேணாலும் கேளு யோகா. வாய் இருக்கு, கேளு. முடிஞ்ச கேஸோட சீட்டை மட்டும் திரும்பக் கேக்காத. கேட்டீன்னா, நீ யாரையோ சந்தேகப்படுறன்னு அர்த்தம்.”

சந்தேகப்படத்தான் செய்கிறாள். ஒன்பது நாளாகச் சோறு இறங்காமல் சந்தேகப்படுகிறாள்.

நடந்தது இதுதான். கிருத்திகை அன்று காலை ஒன்பது மணிக்குப் பங்காருவுக்கு மயக்க மருந்து ஏற்றினார்கள். கண் சொருகிய மறு நிமிடம் வாய் நிறையப் பால் வந்தது. பாலோடு வாழைப்பழம். வயிற்றிலிருந்து மேலே ஏறியது அப்படியே மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிட்டது. உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் யோகலட்சுமி. எவ்வளவு உறிஞ்சியும் நுரையீரலுக்குப் போனது போனதுதான். எட்டு நாள் மிஷின் மூச்சு. நேற்றுதான் குழாயை எடுத்திருக்கிறார்கள்.

வெறும் வயிறா என்று கேட்டு டிக் போட வேண்டிய கட்டத்தில் டிக் இருந்ததாம். கீழே யோகலட்சுமி என்று கையெழுத்து இருந்ததாம். விசாரணையில் ஒரு ஜெராக்ஸை நீட்டினார்கள். ‘நான் இதைப் போடலை, எவனோ என் கையெழுத்தைப் போட்டிருக்கான்’ என்று அங்கேயே சத்தம் போட்டாள். சத்தம் போட்டதற்குத் தனியாக ஒரு மெமோ வந்தது. இன்று நாலு மணிக்குள் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும்.

“நீ ஸ்ரீதரோட மச்சினிதானே? அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...” என்று இழுத்தார் கண்ணையன்.

“கையெழுத்து என்னுது சார். பாவாவுது இல்ல.” சுவரில் தொங்கிய போர்டைக் காட்டினாள். “நீங்க மாட்டி வச்சதுதான், படிங்க. கையொப்பமிட்டவர் பார்வையிடலாம்.”

“அது எந்தக் காலத்து போர்டும்மா.”

“கழட்டாத வரைக்கும் இந்தக் காலத்து போர்டுதான்.”

கண்ணையன் பெருமூச்சு விட்டுக்கொண்டு சாவிக்கொத்தை எடுத்தார். விசாரணை முடிந்து கீழே இறங்கியிருந்த அந்த ஃபைல் தனி பீரோவில் இருந்தது. பூட்டைத் திறந்து, ஃபைலை மேசையில் வைத்து, அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

“தொட்டுப் பாரு. போட்டோ எடுக்கக் கூடாது. போனை இங்க வை.”

வைத்தாள். திறந்தாள்.

முதலில் கண்ணில் பட்டது அவள் கையெழுத்து. ‘யோ’வின் வால் இடப்பக்கம் சுழித்து, ‘மி’யின் வளைவு கோடு தாண்டி வெளியே போய்... நீல மை. அவளே போட்டது. சந்தேகமே இல்லை.

யாரோ முதுகில் ஓங்கி வைத்ததுபோல இருந்தது.

இது எப்படி என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. இங்கே ஒரு வழக்கம் உண்டு. மறுநாள் ஆபரேஷன் பட்டியல் வந்ததும், மயக்கப் பிரிவு மாணவிகள் முந்தின நாள் சாயங்காலமே எல்லாச் சீட்டிலும் கையெழுத்துப் போட்டு அடுக்கி வைத்துவிட வேண்டும். காலையில் நேரம் மிச்சம். கேள்வியைக் கேட்டுக் கட்டத்தை நிரப்புவது அப்புறம். வந்த புதிதில் ‘இது தப்பாச்சே’ என்று அவளும் முணுமுணுத்தவள்தான். ரெண்டாவது வாரம் முணுமுணுப்பு நின்றது. கை தானாகப் போட்டது. அன்றைக்குப் பத்துச் சீட்டு. பத்தும் வெறும் சீட்டு. அதில் ஒன்று இது.

கிருத்திகை அன்று காலையில் அவள் இருந்தது தியேட்டர் இரண்டில், அவசரப் பிரசவ கேஸில். ஓடி வந்தபோது பங்காரு ஏற்கெனவே மேசையில் படுத்திருந்தாள். யோகலட்சுமி வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி, அதே பள்ளிப்பட்டுத் தெரு. சின்ன வயதில் மூக்கு ஒழுகத் திரிந்தவளைத் தறி மேடையில் உட்கார வைத்து முறுக்குக் கொடுத்த அத்தை. “நீயும் இருக்கியா யோகா? அப்போ எனக்கு இன்னா பயம்?” என்று சிரித்தாள். யோகலட்சுமி சீட்டைப் பார்த்தாள். டிக் இருந்தது, தன் கையெழுத்தும் இருந்தது. சரி, எல்லாம் ஆயிற்று என்று முகமூடியை எடுத்து அத்தையின் மூக்கில் வைத்தாள். அன்று அவசரத்தில் பார்த்த அந்தக் கையெழுத்து போலிதான் என்று அப்புறம் தன்னையே நம்ப வைத்திருந்தாள்.

தன் கையெழுத்தை நம்பித் தானே ஏமாந்தவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

“பாத்தாச்சா?” என்றார் கண்ணையன்.

“இருங்க.”

டிக் கறுப்பு மையில் இருந்தது. ஜெராக்ஸில் எல்லாமே கறுப்பு, அதனால் தெரியவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் மாணவிகளுக்கு நீலம். இரவு டூட்டி நர்சுகளுக்குச் சிவப்பு. கறுப்பு யாருடையது?

டிக்குக்குப் பக்கத்தில், குறிப்பு எழுதும் கட்டத்தில், ஒரு விரல் அகலத்துக்குக் காகிதம் மொட மொடவென்று இருந்தது. நகத்தால் தடவினாள். வெள்ளை மை. எழுதியதை மறைக்கப் பூசும் வெள்ளை. அதுவும் ஜெராக்ஸில் தெரியாது. வெள்ளைக் காகிதத்தில் வெள்ளை, எந்த மிஷினுக்குத் தெரியும்?

சீட்டைத் திருப்பி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள்.

“ஏய், இன்னா பண்ற?”

பின்பக்கமாகச் சிவப்பு கசிந்திருந்தது. எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. அவள் மெதுவாகக் கூட்டிப் படித்தாள். *6.30. பால், பழம்.*

ஆக, ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டு, எழுதியும் வைத்திருக்கிறார். பிறகு ஒரு கை அதன் மேல் வெள்ளை பூசி, டிக் அடித்திருக்கிறது.

சிவப்பு மை. அந்த வாரம் தியேட்டரில் இரவு டூட்டி யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் முழுக்க அக்கா, “உங்க பாவாவுக்கு நைட்டு, நான் தனியா கெடக்கேன், வந்து படுத்துக்கோடி” என்று போன் செய்துகொண்டே இருந்தாள்.

யோகலட்சுமி சீட்டைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் காதுதான் சூடாகும்.

“சார், பார்வை நோட்டுல எழுதுங்க. நான் பார்த்த நேரம் பதினொண்ணு இருவது. குறிப்புக் கட்டத்துல வெள்ளை மை பூசியிருக்கு. அதையும் எழுதுங்க.”

“அதெல்லாம் எழுதுற வழக்கம் இல்லம்மா.”

“வெறும் சீட்டுல கையெழுத்து போடுறது மட்டும் வழக்கம். எழுதுங்க சார். நாளைக்கு இந்தச் சீட்டே காணாமப் போச்சுன்னா, பீரோ சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு உங்களைத்தான் கேப்பாங்க.”

கண்ணையன் அவளைப் பார்த்தார். சாவிக்கொத்தைப் பார்த்தார். பிஸ்கட் கரைந்துபோன டீயைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார்.

“நல்லா வருவ நீ,” என்றார். அது ஆசீர்வாதமா சாபமா என்று அவருக்கே தெரியாது.

---

தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் விஜி உட்கார்ந்திருந்தாள். பங்காருவின் ஒரே மகள். மடியில் ஒரு மஞ்சப்பை. அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள், குழந்தையைப் பிடிப்பதுபோல.

“வாங்க டாக்டரம்மா.”

“நான் டாக்டர் இல்ல விஜி.”

“தெரியும். உங்க நைனாதான் தெருவெல்லாம் அப்படி சொல்லிகினு திரியிறாரு. எம் பொண்ணு மயக்கம் குடுக்குற படிப்புன்னு. குடுத்துட்ட இல்ல?”

யோகலட்சுமி அதை வாங்கிக்கொண்டாள். வாங்க வேண்டியதுதான். “அத்தைக்கு எப்படி இருக்கு?”

“கண்ணு தொறக்குது. ஆளு தெரியுது. பேச்சு வரல, தொண்டை புண்ணாம். ஜாடைதான்.” விஜி எழுந்தாள். “நான் காலையில கையால ஜாடை பண்ணிக் கேட்டேன், அன்னைக்கு இன்னாம்மா துன்னன்னு. அம்மா ரெண்டு கையும் கூப்புது. சாமியாம். சாமின்னா எனக்கு இன்னா புரியும்? அப்பால இது நெனப்பு வந்துச்சு.”

மஞ்சப்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். ஒன்பது நாள் புளித்த பால் வாடை காரிடார் முழுக்கப் பரவியது. வீல்சேரில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடியில் மஞ்சளாகக் காய்ந்த பால், ஓரத்தில் கறுத்துச் சுருண்ட வாழைப்பழத் தோல்.

“அன்னைக்கு அம்மா கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. நான் பஸ்ஸைப் புடிச்சு வர்றதுக்குள்ள எட்டரை ஆயிடுச்சு, அம்மாவை உள்ள இட்டுகினு போயிட்டாங்க. வார்டைக் காலி பண்ணச் சொல்ல இதையும் தூக்கி பையில போட்டுட்டேன். யாரோ தெரியாம வச்சுட்டுப் போனதுன்னு நெனச்சேன். இன்னிக்குத்தான் பேரைப் படிச்சேன். நீயே படி.”

படிக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பெயரை வெட்ட வைத்தவளே யோகலட்சுமிதான். அக்கா கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கியபோது, பாத்திரக்கடை வாசலில் வெயிலில் நின்று, எழுத்துப் பிழை வரக் கூடாதென்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து: *ப. பஞ்சாட்சரம், பள்ளிப்பட்டு.*

“உங்க நைனா பேரு,” என்றாள் விஜி. குரல் இப்போது ஏறவில்லை, இறங்கியது. அதுதான் பயமாக இருந்தது. “பச்சத் தண்ணி கூட பல்லுல படக் கூடாதுன்னு எங்களுக்கெல்லாம் சட்டம் பேசின. உங்க வூட்டுப் பாலு மட்டும் எப்படி உள்ள போச்சு? நீதான் குடுத்தியா? இல்ல உங்க நைனா வந்து குடுத்தாரா?”

“நைனா அன்னைக்கு ஊர்ல இருந்தாரு. தறி ஓட்டிகினு இருந்தாரு.”

“அதை அங்க சொல்லு. எங்க மாமா நாலு பேரை இட்டுகினு சாயங்காலம் வர்றாரு. ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போறோம். பேரே இருக்குதே, போதாதா?”

“அந்தத் தூக்கை என்கிட்ட...”

“தொடாத.” விஜி மூடியை அழுத்தி மூடினாள். “நான் இதைக் கழுவவும் மாட்டேன், குடுக்கவும் மாட்டேன்.”

யோகலட்சுமி படியிறங்கினாள். கிருத்திகைக்குக் கிருத்திகை மலைக்கோயிலின் முந்நூற்று அறுபத்தைந்து படி ஏறி, அபிஷேகப் பாலோடு இறங்கி வருகிறவள் அவள் வீட்டில் ஒருத்திதான். அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். நினைப்பு அவளுக்கு முன்னால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

---

ரயிலடிக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் அக்கா புஷ்பலதாவின் வீடு. உள்ளே தையல் மிஷின் ஓடும் சத்தம். சேலைகளுக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. மடியில் அரக்குக் கலர் பட்டு வழிந்து கிடந்தது.

“வாடி. சாப்ட்டியா? புளிக்கொழம்பு இருக்கு.”

“அக்கா, சீர்ல குடுத்த சின்னத் தூக்கு எங்க?”

மிஷின் நின்றது. பிறகு ஓடியது.

“எதிர் வூட்டுக்குக் குடுத்தேன். மோர் கேட்டாங்க.”

“எப்போ?”

“இன்னாடி இது, வந்ததும் வராததுமா பாத்திரக் கணக்கு? போன வாரம் குடுத்தேன்.”

“நான் போய் வாங்கியாரவா?”

புஷ்பலதா காலை மிஷினிலிருந்து எடுத்தாள். அக்காவின் முகத்தை யோகலட்சுமி அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, ஒன்பது நாளில் ஒன்பது வயது கூடியிருந்தது. தான் மட்டும்தான் சோறு இறங்காமல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு மடத்தனம்!

“தூக்கு விஜிகிட்ட இருக்கு,” என்றாள் யோகலட்சுமி. “நைனா பேரு போட்டிருக்கு. ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்கு எடுத்துகினு போறாங்க.”

புஷ்பலதா வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கில் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது.

“சாமி பாலுடி அது. மலையில மொத அபிஷேகம் ஆகி, சூடு கூட பண்ணாம நேரா எடுத்துகினு போனேன். ஆபரேஷன் நல்லபடியா முடியணும்னு அத்தை பேருலதான் அர்ச்சனையே பண்ணேன். சாமி பாலு எப்படிடீ கெடுதி பண்ணும்?”

“ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு? ஒரு நர்சு பொண்டாட்டி, ஒரு நர்சு அக்கா!”

“சாப்பாடு குடுக்கலியே! இட்லி குடுத்தேனா, காபி குடுத்தேனா? அத்தையே சொன்னாங்க, ‘இன்னிக்குக் கிருத்திகை, ஆஸ்பத்திரிக்காரன் சொல்லாட்டியும் நான் வெறும் வயிறுதான்’னு. விரதத்துல பாலு பழம் துன்னா விரதம் முறிஞ்சுடுமா? நம்ம வூட்டுல எவ்ளோ வருசமா விரதம் இருக்கோம்? ‘சாப்ட்டீங்களா’ன்னு யாரு கேட்டாலும் இல்லைன்னுதானே சொல்லுவோம்?”

உண்மைதான். அவளே அம்மாவோடு இருபது வருடம் அப்படி விரதம் இருந்தவள். சொம்பு நிறையப் பாலைக் குடித்துவிட்டு ‘ஒண்ணும் சாப்பிடலை’ என்று பள்ளிக்கூடத்தில் சொன்னவள். அதனால்தான் வார்டில் அவள் ஒருபோதும் ‘சாப்ட்டீங்களா’ என்று கேட்க மாட்டாள். ‘கடைசியா வாய்ல இன்னா போச்சு? எத்தன மணிக்கு?’ என்றுதான் கேட்பாள். அதைக் கேட்கத் தெரிந்தவள் மொத்த வகுப்பிலும் அவள் ஒருத்திதான் என்று டாக்டர் ஹேமநாதனே எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். மயக்கப் பிரிவுத் தலைவர் அவர்.

அந்த ஒரு நாள், அந்த ஒரு ஆளிடம், அவள் கேட்கவில்லை.

“பாவாவுக்குத் தெரியுமா?”

புஷ்பலதா சேலையை மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள்.

“அக்கா. பாவாவுக்கு எப்போ தெரியும்?”

“அன்னைக்கே. மலையிலிருந்து வர்ற வழியில குடுத்துட்டு, வூட்டுக்கு வந்ததும் போன் பண்ணேன். அத்தைக்கு சாமி பாலு குடுத்துட்டேன், நீங்களும் ஒரு எட்டு போய்ப் பாருங்கன்னு. ஏழு மணி இருக்கும். ‘ஆங், வை’ன்னு வச்சுட்டாரு.”

ஏழு மணி. மயக்கம் கொடுத்தது ஒன்பதுக்கு. நடுவில் முழுசாக இரண்டு மணி நேரம்.

வாசலில் பைக் நின்றது.

---

ஸ்ரீதர் செருப்பைக் கழற்றும்போதே பேசிக்கொண்டு வந்தார். “ரிகார்ட் ரூமுக்குப் போனியா?”

“கண்ணையன் சாருக்கு அதுக்குள்ள வாய் அரிச்சுதா?”

“உங்கிட்ட நான் ஒண்ணே ஒண்ணு சொன்னேன் யோகா. ஒண்ணே ஒண்ணு.”

“நானும் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் பாவா. சிவப்பு மை நீங்கதானே?”

ஸ்ரீதர் புஷ்பலதாவைப் பார்த்தார். புஷ்பலதா தரையைப் பார்த்தாள். ஒரு குடும்பத்தில் மூன்று பேர் ஒரே அறையில் இருந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை!

“நான்தான் எழுதினேன்,” என்றார். “இவ போன் பண்ணதும் வார்டுக்கு ஓடினேன். அத்தையைக் கேட்டேன். ஆமான்னாங்க. சீட்டுல எழுதினேன். எட்டு மணிக்கு டூட்டி முடிஞ்சு கெளம்பிட்டேன்.”

“அழிச்சது?”

“நான் இல்ல.”

“அப்போ யாரு?”

“நான் இல்லன்னு சொல்றேன்ல!”

“எழுதி வச்சீங்க, சரி. யாருகிட்டயாவது வாயால சொன்னீங்களா? ஆபரேஷனைத் தள்ளிப் போடுங்கன்னு சொன்னீங்களா?”

ஸ்ரீதர் மின்விசிறி சுவிட்சைப் போட்டார். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அணைந்துவிட்டது. மறுபடி போட்டார்.

“எழுதி வச்சா சொன்ன மாதிரிதான்,” என்றார், சுவரைப் பார்த்து.

இந்த மனுஷனை அவளுக்குப் பத்து வருடமாகத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவளை ‘கல்யாணம் பண்ணிடலாம்’ என்று வீடே சொன்னபோது, ‘படிக்கட்டும் மாமா’ என்று நைனாவிடம் மல்லுக்கு நின்றவர். காலேஜ் வாசலை முதலில் காட்டியவர். பொய் சொன்னால் இடது கண் லேசாகத் துடிக்கும். இப்போது துடித்ததா? அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் தெரியவில்லை. தெரியக் கூடாதென்றுதான் திருப்பிக்கொண்டாரோ?

அவர் டிபன் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மிஷின் மேல் வைத்தார்.

“கடிதம். டைப் அடிச்சே வந்திருக்கு. நீ கையெழுத்து போட்டா போதும். நீ கேட்ட, அந்தம்மா விரதம்னு சொன்னாங்க, நீ நம்பிட்டன்னு அதுல இருக்கு. யார் மேலயும் தப்பு இல்ல. ஆறு மாசம் பயிற்சியை நிறுத்தி வைப்பாங்க, அப்பால படிச்சு முடிச்சுடுவ. உன் சீட்டும் போகாது, என் வேலையும் போகாது, இவ பேரும் வராது.”

“நைனா பேரு வருது பாவா. ஆறு மணிக்கு.”

தூக்குக் கதையை அவள் இரண்டே வரியில் சொன்னாள். ஸ்ரீதர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

யோகலட்சுமி கடிதத்தைப் பிரித்துப் படித்தாள். சுத்தமான டைப். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கையால் திருத்தியிருந்தது. ‘நான் கேட்டேன்’ என்ற இடத்தில், நடுவே ஒரு கொக்கி போட்டு, ‘இருமுறை’ என்று சேர்த்திருந்தார்கள். நான் இருமுறை கேட்டேன்.

கறுப்பு மை.

அவள் அந்தத் திருத்தத்தை நகத்தால் தடவினாள். கொக்கியின் வால், காலையில் பார்த்த டிக்கின் வாலைப் போலவே மேலே இழுத்து நின்றது.

“இதைத் திருத்தினது யாரு?”

“மேல இருந்து வந்துச்சு.”

“மேலன்னா? மலையிலிருந்தா?”

“எல்லாத்தையும் வெளையாட்டா பேசாத யோகா.”

“நான் வெளையாடல. ஒரு பேரு கேக்குறேன். இந்தக் கவரை உங்க கையில குடுத்தது யாரு?”

அவர் டிபன் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். மேலே இருப்பவர் பெயரைச் சொல்லப் பயமா, சொன்னால் தானும் அதில் வருவோம் என்ற பயமா? மடியில் கனம் எந்தப் பக்கம் இருக்கிறதென்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடிதத்தை நான்காக மடித்துத் தன் பையில் வைத்தாள்.

“அதைக் குடு,” என்று எழுந்தார் ஸ்ரீதர். “கையெழுத்து போடறதா இருந்தா எடுத்துகினு போ. இல்லன்னா இங்க வை.”

“இது எனக்கு வந்த கடிதம். நான் வச்சுக்குவேன்.”

மணி மூன்றேகால். பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தாள். கோடு போட்ட நோட்டுத்தாள். ஆட்டோவில் வந்த நேரமெல்லாம் முழங்காலில் வைத்து எழுதியது. எழுத்து குலுங்கியிருந்தது. அக்காவிடம் நீட்டினாள்.

“படிச்சுக்கோ. பின்னாடி எனக்குத் தெரியாம எழுதிட்டாளேன்னு சொல்லாத.”

புஷ்பலதா உதடு அசையப் படித்தாள். முந்தின நாளே பத்து வெறும் சீட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். அந்தம்மாவை நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்காமலே முகமூடி வைத்தேன். குறிப்புக் கட்டத்தில் வெள்ளை மை பூசியிருப்பதை இன்று பார்த்தேன், ரிகார்ட் ரூம் நோட்டில் பதிவாகியிருக்கிறது. அந்த வெள்ளைக்கு அடியில் சிவப்பு மையில் ‘6.30. பால், பழம்’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு வரி காலியாக விட்டிருந்தது.

“இந்த எடம் ஏன் காலியா இருக்கு?”

“ஆட்டோவுல எனக்குத் தெரியல. இப்போ தெரியும்.” பேனாவை எடுத்தாள். நீலம். “பால் குடுத்தது யாரு, எழுதினது யாரு.”

“என் பேரையா எழுதப் போற?” புஷ்பலதாவின் குரல் சிறுபிள்ளைக் குரல் ஆகிவிட்டது. “உன் அக்கா பேரை உன் கையாலயே எழுதுவியா?”

“மொதல்ல என் பேருதான் இருக்கு, பாரு. அப்பால உன்னுது. நீ தெரியாம செஞ்ச. அதையும் எழுதுவேன். ஆனா நைனா அங்க போய் நிக்கக் கூடாது அக்கா. பால் குடுக்காத மனுஷன், பாத்திரத்துல பேரு வெட்டினதுக்காக நிக்கக் கூடாது.”

நின்றபடியே தையல் மிஷின் பலகையில் வைத்து அந்த இரண்டு வரியையும் நிரப்பினாள். பாவாவின் பெயரை எழுதும்போது மட்டும் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு போனது. கடைசியில் கையெழுத்து. எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு, கீழே.

“ஆஸ்பத்திரியில இதை வாங்கவே மாட்டாங்க யோகா,” என்றார் ஸ்ரீதர். அவர் குரலில் இப்போது கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. “வாங்கிக் கிழிச்சுப் போட்டுடுவாங்க. உன் படிப்பு அதோட சரி.”

“அதான் மொதல்ல விஜிகிட்ட ஒரு காப்பி குடுக்கப் போறேன். அப்பாலதான் அங்க.”

“நம்ம வூட்டுலயே மொத கிராஜுவேட்டு நீ. உங்க நைனா...”

“அந்த நைனாவுக்காகத்தான்.”

செருப்பை மாட்டினாள். புஷ்பலதா மிஷினைவிட்டு எழவில்லை. பட்டுச் சேலை மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, அதை எடுக்கவும் இல்லை.

“நாலு மணிக்குள்ள அந்த டைப் அடிச்ச கடிதத்துல ஒரு கையெழுத்து, அவ்ளோதான் யோகா!” வாசல்வரை வந்து சொன்னார் ஸ்ரீதர். “ஒரே ஒரு கையெழுத்து!”

“அடுத்தவங்க நிரப்புறதுக்குக் கையெழுத்து போடுறதை நிறுத்திட்டேன் பாவா.”

திரும்பிப் பார்க்காமல் வாசலைவிட்டு இறங்கினாள். பின்னால் வீட்டுக்குள், பாவா யாருக்கோ போன் செய்யும் சத்தம் கேட்டது. “ஆங்... கெளம்பிட்டா சார். இல்ல சார், கையெழுத்து போடல,” என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த சார் என்று கேட்க அவள் நிற்கவில்லை. ரயிலடி ஜெராக்ஸ் கடையை நோக்கி நடந்தாள்.